எல்கைப் பந்தயமும் குதிரையின் நாடியும்

காவிரிப் படுகையின் தென்பாகத்தே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்னும் ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில், பொங்கலை ஒட்டியும் கோயில் விழாக்களை ஒட்டியும் நடைபெற்று வரும் எல்கைப் பந்தயத்தை அறியாதார் நம் கல்லூரியில் மிகச் சிலரே ஆவர். எல்லை என்பதே மக்கள் வாக்கில் எல்கை என மருவிற்று. சாலையின் ஓரிடத்தே வண்டிகளை வரிசையாக நிறுத்தி, சில மைலுக்கு அப்பால் ஓர் எல்லை குறித்து, அங்கே கொடி வைத்து, சென்று மீள்வோருள் முந்தியவர்க்குப் பரிசளிப்பது இதன் முறை. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என மாட்டு வண்டிகளுக்குப் பிரிவுகள் உள்ளவாறே, குதிரை வண்டிகளுக்கும் பெரிய குதிரை, நடுக்குதிரை, சிறிய குதிரை எனப் பிரிவுகள் உண்டு. நாடெங்கும் கிலோமீட்டர் கணக்கு வழங்கத் தலைப்பட்டு நெடுங்காலம் ஆகியும், பந்தய அறிவிப்புகளில் மட்டும் போய்வர 8 மைல், போய்வர 10 மைல் என்றே இன்றும் அச்சிடக் காண்கிறோம். வண்டியோட்டுபவர்க்குச் சாரதி என்பது பெயர். இதிகாச காலத்துச் சொல் ஒன்று தார்ச்சாலையின்மீது இன்னும் உயிரோடு உலவுவது எமக்கு மகிழ்ச்சியே.

இப்பந்தயத்தில் ஓடும் குதிரையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். மாட்டைப் பற்றிப் பேசுவார் நாட்டில் நிறைந்துள்ளனர். குதிரைக்கோ வாதாடுவாரும் இலர், வழக்காடுவாரும் இலர்.

மாட்டின் வழக்கை நினைவுகூர்வது ஈண்டுப் பொருந்தும். ரேக்ளாப் பந்தயம் நடத்த அனுமதி வேண்டி இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு மனுவின்மீதே, 2006-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரேக்ளாவையும் சல்லிக்கட்டையும் ஒருசேரத் தடுத்தது. வண்டிப் பந்தயத்துக்குக் கேட்ட அனுமதியே சல்லிக்கட்டு வழக்குக்கு வித்தாயிற்று என்பதை இன்று பலர் மறந்தனர். மறு ஆண்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 2009-ல் மாநிலச் சட்டம் ஒன்று பிறந்தது. 2014-ம் ஆண்டு மே 7-ந் தேதி உச்சநீதிமன்றம் காளைகளைச் சல்லிக்கட்டிலும் வண்டிப் பந்தயத்திலும் ஈடுபடுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. 2017 சனவரியில் மாணவர் திரண்டெழுந்த கிளர்ச்சியையும், அதன் பயனாக வந்த சட்டத் திருத்தத்தையும் இதனைப் படிக்கும் பழைய மாணவர் பலர் தாமே கண்டிருப்பர். 2023-ம் ஆண்டு மே 18-ந் தேதி ஐந்து நீதிபதிகள் கூடிய அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. விதிகள் வழுவாது காக்கப்பட வேண்டும் என்றும் அதனோடு கூறிற்று.

இத்துணையும் காளைக்கே உரியன. குதிரைக்கு அத்திருத்தத்தில் இடமில்லை. அதற்குரியது 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும், வண்டியிழுக்கும் விலங்குகள், பொதி சுமக்கும் விலங்குகள் ஆகியவற்றைக் குறித்து 1965-ல் வகுக்கப்பட்ட விதிகளுமே. வெப்பம் 37 பாகைக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை விலங்கை வண்டியிற் பூட்டலாகாது என்பதும், முள் வைத்த கடிவாளமும் ஆணி பொருத்திய கோலும் கூடா என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். நல்ல விதிகளே. ஆயினும் அவை சுமை இழுக்கும் விலங்கை மனத்திற்கொண்டு எழுதப்பட்டன. பந்தயக் குதிரையை அன்று. எட்டு மைல் ஓடி நுரை தள்ளி நிற்கும் குதிரையின் நிலையை யார் நோக்குவது, எதைக்கொண்டு நோக்குவது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

இக்குறையை அயலார் வந்து நிரப்புமுன் பந்தயம் நடத்துவோரே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து. முந்தி வந்த வண்டிக்கு உடனே பரிசளிக்கும் வழக்கத்தை விடுத்து, குறித்த நேரத்துக்குள் குதிரையின் நாடி தன் நிலைக்கு மீண்டால் அன்றிப் பரிசு இல்லை என்னும் ஒரே விதியைச் சேர்த்தல் வேண்டும். பந்தயத்தையே ஒழிக்க வேண்டும் என்பாரோடு யாம் இசையோம். இன்றுள்ளவாறே நடக்கட்டும் என்பாரோடும் இசையோம்.

நம் நாட்டுக்குக் குதிரை புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் கடல் வழியே வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை கூறும். ஆயினும் அது வந்த விலங்கே, விளைந்த விலங்கன்று. வண்டல் மண்ணும் தேங்கிய நீரும் நெல்லுக்கு உயிர். குதிரையின் குளம்புக்கோ பகை. வைக்கோல் மாட்டுக்குப் போதும், குதிரைக்குப் போதாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை விலைக்கு வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என எழுதிவைத்தார். அவர் எண்ணிக்கை சற்று மிகையாகவும் இருக்கலாம். யாத்திரிகர் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. அவர் கூறும் காரணமே கருதத்தக்கது. குதிரையைப் பேணும் முறை இங்கு அறியப்படவில்லை. குதிரை மருத்துவரை உடன் கொணர வணிகர் இசையவும் இல்லை. ஏனெனில் குதிரை இறந்தால் அன்றோ மறு ஆண்டு வியாபாரம் நடக்கும்!

பிற்காலத்தே தஞ்சை அரண்மனையில் இக்குறை ஒருவாறு நீங்கிற்று. 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோசி மன்னர் நிறுவிய தன்வந்திரி மகாலில் மக்களுக்கேயன்றி விலங்குகளுக்கும் மருந்து செய்தனர். சரசுவதி மகால் நூல் நிலையத்தார் 1952-ல் பதிப்பித்த அசுவசாத்திரம் என்னும் நூலை வண்ணப் படங்களோடு இன்றும் காணலாம். அந்நூல் மரபினின்று மக்களிடையே எஞ்சி நிற்பது பெரும்பாலும் சுழி பார்க்கும் பழக்கம் ஒன்றே. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயிற் சந்தையில் குதிரை வாங்குவோர், நெற்றிச் சுழி எது, மார்புச் சுழி எது எனக் கூர்ந்து நோக்குவர். நாடியைத் தொட்டுப் பார்ப்பாரை அத்துணை எளிதிற் காண இயலாது.

ஜட்கா வண்டிக்காரர் இவ்வகையில் வேறுபட்டவர். தஞ்சாவூர், கும்பகோணம் இரயில் நிலையங்களின் முன் ஒரு காலத்தில் வரிசையாக நின்ற அவ்வண்டிகளை ஆட்டோ ரிக்சாக்கள் விழுங்கிவிட்டன. ஜட்காக்காரர் குதிரையிடம் மிக மென்மையாக நடந்தனர் என்று யாம் சொல்லவில்லை. மெலிந்த குதிரையும் உண்டு, மிகுந்த பாரமும் உண்டு. எனினும் இன்று செத்தால் நாளை அடுப்பெரியாது என்னும் கணக்கு அவர் கையைத் தடுத்தது. மாலையில் வண்டியை அவிழ்த்ததும் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி, நாளைக்கு இது ஓடுமா என்பதே. பந்தயக்காரருக்கு அக்கேள்வி இல்லை. அன்றைய எட்டு மைலே அவர்க்கு எல்லாம். குதிரையின்மீது அவர் வைத்த அன்பு குறைவன்று. கொள்ளும் தவிடும் முட்டையும் தம் பிள்ளைக்கு மேலாக ஊட்டி வளர்ப்போரை யாம் அறிவோம். ஆயினும் பந்தயத்தின் அமைப்பு அவரை அன்று ஒரு நாள் அவ்வன்பை மறக்கச் செய்கிறது. ஆகவே திருத்த வேண்டுவது மனிதரை அன்று, பந்தயத்தின் அமைப்பையே என்கிறோம்.

அக்கேள்வியை நடுவரே கேட்குமாறு செய்த பந்தயங்கள் பிற நாடுகளில் உள்ளன. அவை துன்பத்தினின்றே பிறந்தன. 1892-ம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரிய, ஜெர்மானியப் படை அதிகாரிகள் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் இடையே குதிரையேறிப் போட்டியிட்டனர். ஏறத்தாழ 360 மைல் தூரம். முதல்வர் மூன்று நாளுக்குச் சிறிது குறைவான நேரத்தில் எல்லையை அடைந்தார். அவரைச் சுமந்த குதிரையோ சில நாளில் மாண்டது. மாண்டவை இன்னும் பல. ஐரோப்பா எங்கும் கண்டனம் எழுந்தது. பிறகு அமெரிக்காவில் 1919 முதல் குதிரைப்படையின் பொருட்டு நடந்த 300 மைல், ஐந்து நாட் பரீட்சைகளில், வேகத்துக்கு மட்டுமன்றிக் குதிரையின் உடல்நிலைக்கும் மதிப்பெண் இட்டனர். 1936-ல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய 100 மைல் சவாரி ஒரு படி மேலே சென்றது. அத்தகைய நெடுவழிப் போட்டிகளில் இன்ன நேரத்துக்கு மேல் இன்ன நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என வரையறை செய்வர். பிந்தி வந்தாலும் மதிப்பெண் குறையும். அளவுக்கு மிஞ்சி முந்தி வந்தாலும் குறையும். கலிபோர்னியாவில் 1955 முதல் நடைபெறும் டெவிஸ் கோப்பைப் போட்டியில் 100 மைலை ஒரே நாளிற் கடக்க வேண்டும். முந்தி வந்தவர்க்கு ஒரு கோப்பை இருக்க, முன்வந்த சில குதிரைகளுள் நல்ல உடல்நிலையோடு நிற்பதற்கென ஹேகின் கோப்பை என வேறொன்று உண்டு. இரண்டாவதையே பெரும் பேறாகக் கருதுவார் அங்குப் பலர்.

இவை ஏறிச் செல்லும் போட்டிகள் ஆயிற்றே, வண்டிக்கு எங்ஙனம் பொருந்தும் என வினவலாம். வண்டிக் குதிரைகளுக்கும் சர்வதேச விதிகள் உண்டு. சர்வதேசக் குதிரைவிளையாட்டுச் சங்கத்தின் தலைவராக இருந்த பிலிப் இளவரசர் 1969-ஐ ஒட்டி அவற்றை வகுப்பித்தார். அப்போட்டியின் நெடுவழிப் பகுதியில், இறுதிக் கட்டத்துக்கு முன் வண்டியைக் கட்டாயமாக நிறுத்தி, கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதித்துத் தகுதி என்று கூறினாலன்றி மேலே விடுவதில்லை. அமெரிக்க நெடுவழிப் போட்டிகளிலும் வண்டியோட்டிகளுக்கு இடமுண்டு. நாடி விதி அவர்க்கும் ஒன்றே.

நாடி என்று பன்முறை கூறினோம்; அது யாது என்பதைச் சிறிது விளக்குவோம். ஓய்ந்து நிற்கும் குதிரையின் இருதயம் ஒரு நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை வரை துடிக்கும். விரைந்தோடுங்கால் அது 200-ஐயும் கடந்து செல்லும். இவ்வேற்றம் இயல்பே; அதனால் தீங்கில்லை. ஓட்டம் நின்றபின் துடிப்பு எத்துணை விரைவில் இறங்குகிறது என்பதே கருதற்பாலது. நன்கு பழகிய குதிரைக்கு அது சில நிமிடங்களில் விரைந்து தணியும். வெப்பம் ஏறிய குதிரைக்கும், நீர் வற்றிய குதிரைக்கும், உள்ளே வலியுள்ள குதிரைக்கும் தணிய மறுக்கும். நெடுவழிப் போட்டிகளில் 64 என்னும் எண்ணை வரம்பாகக் கொள்வது பெருவழக்கு. கீழ்த்தாடையின் உள்விளிம்பில் விரல் வைத்தோ, இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தோ இதனை எண்ணலாம். இன்னொரு சோதனையும் உண்டு. நாடியை எண்ணிக்கொண்டு, குதிரையை 125 அடி தூரம் தொங்கோட்டமாக நடத்திச் சென்று மீட்டு, புறப்பட்டதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவர். முன்னிருந்த அளவே இருந்தாலும் குறைந்தாலும் நன்று. ஏறி நின்றால் குதிரை எதையோ மறைக்கிறது என்பது பொருள். ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கிறதா என நோக்குவதும், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே படிகிறதா என நோக்குவதும் இவற்றோடு சேரும். பள்ளி மாணவனும் ஒரு மணி நேரத்திற் கற்கத்தக்க வித்தைகள் இவை.

நம் படுகையில் இச்சோதனை பிற இடங்களிலும் மிகுதியாக வேண்டப்படுகிறது. குதிரை பெரிதும் வியர்வையாலேயே தன் சூட்டை ஆற்றிக்கொள்ளும் விலங்கு. வெப்பத்தில் கடிதாக உழைக்குங்கால் ஒரு மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் அதன் உடம்பினின்று வியர்வை வெளியேறும். காற்றில் ஈரம் மலிந்த நம் நாட்டில் அவ்வியர்வை ஆவியாக மாறாது வழிந்து வீணாகிறது; உடம்பு ஆறுவதில்லை. அன்றியும் குதிரையின் வியர்வை உப்பு மிகுந்தது. நீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், குருதியின் உப்பளவு உயராது; ஆகவே தாகம் தோன்றாது. தொட்டியின் முன் நிறுத்தினாலும் குடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குதிரையைக் கண்டு, இதற்குத் தண்ணீர் வேண்டாம் போலும் என்று உரியவர் எண்ணிவிடுகிறார். வேண்டாமை அன்று அது. வேண்டும் என்னும் உணர்வே மழுங்கிய நிலை.

ஓடி வந்த குதிரையின் சூட்டுடம்பில் தண்ணீர் ஊற்றலாகாது, சதை இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்னும் கொள்கை நம் ஊர்களில் மட்டுமன்று, ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்தது. 1996-ல் அட்லாண்டா நகரத்து ஒலிம்பிக் பந்தயங்கள் கடுங்கோடையில் நிகழவிருந்தமையால், அதன் பொருட்டு ஆராய்ச்சி நடத்தினர். குளிர்ந்த நீரை உடல் முழுதும் இடைவிடாது ஊற்றுவதால் தீங்கில்லை என்பதும், சூட்டைத் தணிக்க அதனினும் சிறந்த வழி இல்லை என்பதும் அதனால் புலனாயின. காவிரி நாட்டில் பந்தய எல்லையருகே வாய்க்கால் இல்லாத ஊர் எது? 1934-ல் மேட்டூர் அணையோடு அமைந்த கல்லணைக் கால்வாய் நாம் கூறும் ஒரத்தநாட்டு, பட்டுக்கோட்டைப் பகுதிகளின் ஊடேதான் செல்கிறது. அது வறண்டு கிடக்கும் காலத்திற்கு ஆழ்குழாய்க் கிணறு உண்டு.

இனித் தடைகளை நோக்குவோம். குதிரை ஓடப் பிறந்தது, அதனை ஓடவிடாது தடுப்பது எதற்கு என்பர் சிலர். ஓடப் பிறந்தது உண்மையே. எல்லை குறித்து, சவுக்கோசையும் விசிலும் மோட்டார் சைக்கிள்களின் கூச்சலும் பின்தொடர ஓடப் பிறந்ததாகச் சொல்லுதல் அரிது. வண்டிகளின் பின்னே பாயும் அம்மோட்டார்க் கூட்டத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். குதிரைக்கு மட்டுமோ, சாலையோரம் நிற்கும் சிறுவர்க்கும் அதனால் ஆபத்து.

வேறு சிலர் கூறும் தடை பொருளுடையது. பரிசை அரைமணி நிறுத்திவைத்தால் பந்தயத்தின் சுவை கெடும். முந்தி வந்தவன் தோற்றான் என்றால் மேடையில் கலகம் விளையும் என்கின்றனர். கலகம் விளையத்தான் செய்யும், முதலிரண்டு ஆண்டுகளில். மல்யுத்தத்தில் எடை பார்ப்பதும், ஓட்டப்பந்தயத்தில் மருந்துச் சோதனை செய்வதும் தொடக்கத்தில் அவ்வாறே எதிர்க்கப்பட்டன. சுவையைப் பொறுத்தவரை எம் எண்ணம் வேறு. குதிரையை வெறிகொண்டு விரட்டுவது எவர்க்கும் கைவரும். எந்த மேட்டில் விடுவது, எந்தத் திருப்பத்தில் இழுத்துப் பிடிப்பது, மீளும் வழிக்கு எவ்வளவு மூச்சை மிச்சம் வைப்பது என அறிந்து ஓட்டுபவனே சாரதி எனத்தக்கவன். நாடி விதி வந்தால் அவனுடைய திறமையே முன்னிற்கும். பணத்தால் வாங்கிய குதிரையின் வேகம் மட்டும் போதாது. கூட்டமும் அரைமணி நேரம் கலையாது நின்று, எண் என்ன ஆயிற்று என்று கேட்கும். அதனினும் சுவை வேறு யாது வேண்டும்?

மருத்துவருக்கு எங்கே போவது என்பது மூன்றாவது தடை. 2012-ம் ஆண்டு முதல் ஒரத்தநாட்டிலேயே அரசினர் கால்நடை மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. பந்தயம் நடக்கும் சாலைகளின் நடுவே அமைந்த கல்லூரி அது. அங்குப் பயிலும் இளைஞர் நால்வர், ஆசிரியர் ஒருவரோடு வந்து எல்லையருகே ஒரு கீற்றுப் பந்தலின்கீழ் நின்றாற் போதும். வேண்டிய கருவிகள் இரண்டு ஸ்டெதாஸ்கோப், ஒரு கைக்கடிகாரம், 125 அடிக்கு அளந்து முடிச்சிட்ட கயிறு, தண்ணீர்த் தொட்டி, உப்பு. விழாக் குழுவினர் ஒலிபெருக்கிக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கும் இதற்கு ஆகாது. நம் கல்லூரி மாணவருள் அப்பக்கத்து ஊர்களிலிருந்து வருவோர் பலர். விழாக் குழுக்களில் அவர்தம் தந்தையரும் மாமன்மாரும் இடம்பெற்றிருப்பர். அடுத்த விழாவிற்கான அறிவிப்பு அச்சேறுமுன் அவரிடம் இதனை எடுத்துரைத்தல் அரிதன்று. எல்லாப் பிரிவுக்கும் ஒருசேரத் தொடங்க வேண்டுவதில்லை; பெரிய குதிரைப் பிரிவொன்றில் மட்டும் முதலிற் செய்து பார்க்கலாம்.

அறிவிப்பில் விதியை எழுதுங்கால் ஒன்று கருதுக. எல்லையைக் கடந்த 30 நிமிடத்துக்குள் நாடி 64-க்கு இறங்குதல் வேண்டும் என்பது முதற்பரிசுக்கு மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது. கொடியை முதலில் எட்டிய சாரதிக்கு இடையிலேயே அளிக்கும் கொடிப் பரிசையும் குதிரை மீண்டு வந்து சோதனையில் தேறும் வரை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் முதற்பாதியிலேயே குதிரையை வதைத்து ஓட்டி, கொடிப் பரிசை வாங்கிக்கொண்டு, மறுபாதியை நடையாகவே கழித்துவிடுவார் தோன்றுவர்.